யுத்தம் தந்ததும் யுத்தம் கொண்டு சென்றதும்

(இரண்டாம் உலக மகாயுத்தமும் திருக்கோணமலையும்)

யுத்தத்தின் சரித்திரத்தை இரு வகையாக எழுதலாம். தளபதிகளின் பெயர், கப்பல்களின் தொகை, வெற்றி தோல்வி, உடன்படிக்கை கைச்சாத்தான தேதி ஆகியவற்றைச் சொல்வது ஒரு வகை. அதே காலத்தில் வீட்டு அடுப்பில் என்ன வெந்தது, கமக்காரன் தன் வயலை ஏன் விட்டுப் போனான், கடைக்காரன் எவ்வாறு திடீரெனச் செல்வந்தனானான், மாதச் சம்பளக்காரன் எவ்வாறு கடனாளியானான் என்று சொல்வது மற்றொரு வகை. முதலாவதைப் பரீட்சைக்காகப் படிக்கிறோம். இரண்டாவது பெரும்பாலும் எழுதப்படாமலே முதியோருடன் மறைந்து போகின்றது.

திருவள்ளுவர் பொருட்பாலிலே படைமாட்சிக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். உழவுக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். படையையும் ஏரையும் ஒரே பாலில் வைத்துப் பார்த்த அப்பெரியாரின் நோக்கு நமக்கும் வேண்டியதே. ஒரு பெரும் யுத்தம் ஒரு தேசத்தின் பொருளாதாரத்தையும் சமுதாயத்தையும் எவ்வாறு மாற்றுகிறது என்பதை அறிய நாம் பெர்லினுக்கோ ஸ்டாலின்கிராட்டுக்கோ போகவேண்டியதில்லை. நாம் படித்த மிஷன் பாடசாலையின் நூலகத்தில் அந்த யுத்தத்தைப் பற்றிய தடித்த ஆங்கில நூல்கள் பல இருந்தன. அவற்றில் திருக்கோணமலைக்குக் கிடைத்த இடம் ஓரிரு பக்கங்களே. ஆயினும் 1939 முதல் 1945 வரை நடந்த அந்த மகாயுத்தம் இலங்கையை மாற்றிய விதத்துக்கு எமது ஊரே நல்லதோர் உதாரணமாகும். யுத்தத்தோடு வந்த எவை யுத்தத்தோடு போயின, எவை நின்று நிலைத்தன என்ற ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு இச்சரித்திரத்தைப் பார்ப்போம்.

யுத்தத்துக்கு முந்திய நிலை

எமது துறைமுகத்தின் ஆழமும் பாதுகாப்பும் உலகறிந்தவை. இதன் பொருட்டுப் பறங்கியரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சியரும் ஆங்கிலேயரும் ஒருவரோடொருவர் மோதினர். 1782 ஆம் ஆண்டு ஒன்றிலேயே ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயரும், ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுத் தளபதி சவ்ரனும் இதனைக் கைப்பற்றினர். 1795 இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்து பிடித்தபின் 1957 வரை, அதாவது 162 ஆண்டுகள், இது அவர்களின் கடற்படைக்குரிய இடமாக இருந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தனை சிறந்த இயற்கைத் துறைமுகம் இருந்தும் தேயிலையும் றப்பரும் தேங்காய் எண்ணெயும் கப்பலேறிய இடம் கொழும்பு. தோட்டங்களுக்கு அண்மையில் இருந்த கொழும்பிலே செயற்கையாகத் தடுப்புச் சுவர் எழுப்பித் துறைமுகம் அமைத்தார்கள். திருக்கோணமலையைப் பீரங்கிக் கப்பல்களுக்கென ஒதுக்கினார்கள். ஆகவே எமது துறைமுகம் யுத்தத் துறைமுகமாக வளர்ந்ததேயன்றி வர்த்தகத் துறைமுகமாக வளரவில்லை. யுத்தம் என்ற பேச்சு எழும்போது ஊர் விழிக்கும். சமாதானம் வந்தால் உறங்கும். பின்னாளில் எமக்கு நேர்ந்தவை பலவற்றுக்கும் வேர் இதுவே.

முதலாம் உலக யுத்தத்தின் பின் கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறின. அதன் விளைவாகச் சீனன்குடாவிலே காட்டுக்கு நடுவே நூறளவில் எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன. ஒவ்வொன்றும் சுமார் 12,000 கிலோ லீற்றர் கொள்ளக்கூடியது. 1927 இல் புகையிரதப் பாதையும் வந்து சேர்ந்தது. ஆயினும் 1921 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி திருக்கோணமலை மாவட்டம் முழுவதிலும் இருந்த மக்கள் 34,112 பேர் மாத்திரமே. மலேரியா கிராமங்களைத் தின்றுகொண்டிருந்தது. குளங்கள் பல தூர்ந்து கிடந்தன.

தேசம் முழுவதின் நிலையும் ஓரளவு இதைப் போன்றதே. தேயிலை, றப்பர், தெங்குப் பொருள்கள் ஆகிய மூன்றையும் விற்று, உண்ணும் அரிசியை வாங்கினோம். நாட்டின் அரிசித் தேவையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெளியிலிருந்து, பெரும்பாலும் பர்மாவிலிருந்து, வந்தது. யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பல மலாயாவில் உத்தியோகம் பார்த்த பிள்ளைகள் அனுப்பிய மணியோடரில் வாழ்ந்தன. அரிசி ஒரு கடலுக்கப்பால், பணம் இன்னொரு கடலுக்கப்பால். கடற்பாதை திறந்திருக்கும் வரை இந்த ஏற்பாட்டின் பலவீனம் எவருக்கும் தெரியவில்லை.

1942 ஆம் ஆண்டு

1939 செப்டெம்பர் 3 ஆந் திகதி பிரித்தானியா யுத்தப் பிரகடனம் செய்தபோது இலங்கையும் கேளாமலே அதில் சேர்க்கப்பட்டது. முதல் இரண்டு ஆண்டுகளில் யுத்தம் பத்திரிகைச் செய்தியாகவே இருந்தது. 1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8 இல் இரங்கூன் வீழ்ந்தது. மூன்று வாரத்துக்குள் மணியோடரும் நின்றது. அரிசிக் கப்பலும் நின்றது. மலாயாவில் இருந்த உறவினரின் சேதி அறியாது மூன்றரை ஆண்டுகள் காத்திருந்த குடும்பங்கள் பல. அங்கே தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் சயாம் – பர்மா மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மடிந்த சோகம் யுத்தம் முடிந்த பின்னரே முழுமையாக வெளிவந்தது.

மார்ச் மாதத்திலே அட்மிரல் லேற்றன் இலங்கையின் பிரதம சேனாதிபதியாக நியமிக்கப்பட்டார். தேசாதிபதி கல்டெகொற் பதவியில் இருந்தபோதிலும் பாதுகாப்பு விடயங்களில் முடிவான அதிகாரம் சேனாதிபதியின் கையிலே இருந்தது. ஏப்பிரில் 5 ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறு அன்று, நாகுமோ தலைமை தாங்கிய யப்பானியக் கடற்படையின் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அடுத்து ஏப்பிரில் 9 ஆந் திகதி காலை திருக்கோணமலை தாக்கப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் வந்தன. டொக்யார்ட்டும் சீனன்குடா விமானத்தளமும் சேதமுற்றன. எண்ணெய்த் தாங்கி ஒன்று தீப்பற்றிப் பல நாள் எரிந்தது. துறைமுகத்தில் நின்ற சகாயிங் என்ற சரக்குக் கப்பல் எரிந்து அழிந்தது. ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் தாக்குதலுக்குத் தப்பும் பொருட்டு முன்னிரவே துறைமுகத்தை விட்டுத் தென்திசை சென்றிருந்தது. யப்பானியர் அதை மட்டக்களப்புக் கடலிலே கண்டு மூழ்கடித்தனர். அக்கப்பலில் மாத்திரம் முந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர்.

அன்று ஊரை விட்டு மக்கள் ஓடினர். கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு காட்டு வழியே சென்றனர். டொக்யார்ட்டில் வேலைக்கு ஆளில்லை. கடைத்தெருவில் திறந்த கடையில்லை. பிரித்தானியக் கிழக்குக் கடற்படையின் பெரும்பகுதியும் ஆபிரிக்காவின் கிழக்குக் கரைக்குப் பின்வாங்கியது. பெரும் படைத்தளம் இருப்பது ஊருக்குப் பாதுகாப்பு என்று நம்பியிருந்தவர்கள், படைத்தளம் இருந்தமையாலேயே தங்கள் தலைமேல் குண்டு விழுந்தது என்பதை அன்று உணர்ந்தார்கள்.

அரிசியும் கூப்பனும்

குண்டு விழுந்தது ஒரு நாள். அரிசித் தட்டுப்பாடு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. யுத்தம் இலங்கைச் சமுதாயத்தை மிக ஆழமாக மாற்றிய இடம் போர்க்களமன்று, அடுக்களையே.

பர்மா அரிசி நின்றதும் அரசாங்கம் 1942 இல் பங்கீட்டு முறையைக் கொண்டு வந்தது. வீட்டுக்கு வீடு ஆட்கணக்கு எடுத்துக் கூப்பன் புத்தகம் வழங்கப்பட்டது. அரிசி போதாத இடத்தைக் கோதுமை மா நிரப்பியது. அதுவரை நகரத்தாருக்கும் நோயாளருக்கும் உரியதாக இருந்த பாண் கிராமத்து வீட்டுக்குள்ளும் புகுந்தது. மரவள்ளியும் குரக்கனும் மதிப்புப் பெற்றன. வீட்டு முற்றத்தில் பயிர் செய்யும்படி பிரசாரம் நடந்தது. உள்நாட்டு விவசாயியின் நெல்லை அரசாங்கமே விலை குறித்து வாங்கும் திட்டமும் தொடங்கியது.

பங்கீட்டுப் பொருளை வழங்கும் பொருட்டு ஊர்தோறும் கூட்டுறவுப் பண்டகசாலைகள் தோன்றின. யுத்தத்துக்கு முன் விரல்விட்டு எண்ணக்கூடியதாய் இருந்த இச்சங்கங்கள் யுத்தம் முடிவதற்குள் ஆயிரக்கணக்கில் பெருகின. "சங்கக்கடை" என்ற சொல் அன்றே எம் பேச்சில் நிலைபெற்றது. தனி வியாபாரி வைத்ததே விலை என்றிருந்த கிராமத்தில், ஊரார் கூடித் தலைவரையும் காரியதரிசியையும் தெரிந்து கணக்கு எழுதிக் கடை நடத்தப் பழகினர். கள்ளச் சந்தையும் பதுக்கலும் இல்லாமல் இல்லை. கூப்பனை விற்றவரும் உண்டு. இறந்தவர் பெயரில் அரிசி வாங்கியவரும் உண்டு. ஆயினும் பணக்காரனுக்கும் ஏழைக்கும் தலைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்த முறை பொதுவாக நிலைத்து நின்றது.

இதன் பெருமையை அறிய வங்காளத்தை நோக்க வேண்டும். அதுவும் பர்மா அரிசியை இழந்த நாடு. அதுவும் யப்பானியப் படைக்கு முன்னரங்கு. படைக்கும் கல்கத்தா நகருக்கும் உணவு போய்ச் சேர ஏற்பாடு இருந்தது. கிராமத்துக் கூலிக்காரனுக்கு ஏற்பாடு இருக்கவில்லை. விலை ஏறியது, கூலி ஏறவில்லை. 1943 இல் தொடங்கிய பஞ்சத்திலும் அதைத் தொடர்ந்த நோய்களிலும் முப்பது இலட்சம் வரையானோர் மாண்டனர். இலங்கையிலும் வயிறு நிறையவில்லை. ஆனால் அத்தகைய கொடும் பஞ்சம் நேரவில்லை. தானியத்தின் அளவைப் போலவே அதைப் பகிரும் முறையும் மக்களின் உயிரைத் தீர்மானிக்கின்றது என்பதற்கு இவ்விரு நாடுகளின் கதையே போதிய சான்று.

இதற்கு ஓர் அரசியற் காரணமும் உண்டு. 1931 முதலே இலங்கையில் ஆணும் பெண்ணும் வாக்குரிமை பெற்றிருந்தனர். அரசாங்க சபையில் இருந்த அங்கத்தவர்கள் தம் தொகுதியாரின் பசிக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களாக இருந்தார்கள். யுத்த காலத்தில் தொடங்கிய அரிசி மானியத்தை யுத்தம் முடிந்ததும் நிறுத்த எவருக்கும் துணிவு வரவில்லை. 1953 இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது ஓகஸ்ட் 12 இல் நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். 1979 இல் உணவு முத்திரை வரும் வரை ஏதோ ஒரு வடிவில் கூப்பன் அரிசி நீடித்தது. மக்களின் உணவுக்கு அரசாங்கம் பொறுப்பு என்ற எண்ணத்தை யுத்தம் விதைத்தது. அதைப் பிடுங்கி எறிய முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் எளிதாக இருக்கவில்லை.

பணம் பெருகியது, பண்டம் குறைந்தது

இனி, பணத்தின் கதையைப் பார்ப்போம். மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் யப்பானியர் வசமானபின் நேச நாடுகளுக்கு எஞ்சிய பிரதானமான இயற்கை றப்பர் இலங்கையில் இருந்தது. டயருக்கும் விமானத்துக்கும் றப்பர் வேண்டும். மரம் பட்டுப்போனாலும் பாதகமில்லை, பாலை எடு என்று கட்டளை பிறந்தது. பட்டையை எல்லாப் பக்கமும் சீவிப் பால் எடுத்தார்கள். அவ்வாறு பாழான மரங்களுக்குப் பதிலாக மறுநடுகை செய்ய 1953 இல் அரசாங்கம் தனியாக மானியத் திட்டம் வகுக்க வேண்டியதாயிற்று. அந்தக் காலத்து றப்பர் வருமானம் ஒருவகையில் மூலதனத்தை வெட்டி விற்ற காசே.

அன்றியும், நாடெங்கும் முகாம்களும் வீதிகளும் விமானத்தளங்களும் கட்டப்பட்டன. சீனன்குடா, மின்னேரியா, சீகிரியா, வவுனியா, கொக்கல என்று காடு வெட்டித் தளம் அமைத்தார்கள். பல்லாயிரம் பேருக்கு நாட்கூலி கிடைத்தது. பிரித்தானியா இதற்கெல்லாம் விலை கொடுத்தது உண்மை. ஆனால் கொடுத்த ஸ்ரேலிங் பணம் லண்டனிலே இலங்கையின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. யுத்தம் முடியும்வரை அதைக் கொண்டு விரும்பிய பண்டத்தை வாங்கக் கப்பலுமில்லை, பண்டமுமில்லை. இங்கேயோ அதற்கீடாக நோட்டுகள் புழக்கத்துக்கு வந்தன. கையில் நோட்டு, கடையில் துணியில்லை, மண்ணெண்ணெயில்லை, சீனியில்லை. பண்டம் குறைந்து பணம் பெருகினால் விலை ஏறும் என்பது பொருளியலின் அரிச்சுவடி. கொழும்புத் தொழிலாளரின் வாழ்க்கைச் செலவு யுத்தம் முடிவதற்குள் ஏறத்தாழ இரு மடங்காயிற்று.

விலையேற்றம் எல்லோரையும் ஒரேமாதிரித் தாக்குவதில்லை. கொந்தராத்துக்காரரும் மொத்த வியாபாரியும் வாடகை வீடு வைத்திருந்தவரும் உயர்ந்தனர். படைத்தளத்தில் வேலை கிடைத்த கூலித் தொழிலாளரும் முன்னறியாத காசைக் கண்டனர். ஓய்வூதியம் பெற்ற ஆசிரியரும் எழுதுவினைஞரும் விதவையும் தாழ்ந்தனர். நேற்றுவரை ஊரில் மதிப்போடிருந்தவர் கடன் கேட்கப் போகவும், நேற்றுவரை கடன் கேட்டவர் கல்வீடு கட்டவும் ஏதுவாயிற்று. ஒரு சமுதாயத்தில் மதிப்பின் அளவுகோல் குலத்திலிருந்தும் கல்வியிலிருந்தும் காசுக்கு மாறும் வேகத்தை யுத்தம் பன்மடங்காக்குகின்றது.

திருக்கோணமலையில் இந்த மாற்றம் மிக வெளிப்படையாக நிகழ்ந்தது. 1944 இல் கடற்படை திரும்பி வந்தது. அந்த ஆண்டு ஏப்பிரிலில் தென்கிழக்காசியப் படைத் தலைவர் மவுண்ட்பேட்டன் கண்டிக்குத் தலைமையகத்தை மாற்றினார். அதே மாதம் இங்கிருந்து புறப்பட்ட கப்பல்கள் சுமாத்திராவின் வடமுனையில் உள்ள சபாங்கைத் தாக்கின. துறைமுகம் முழுவதும் கப்பல்மயமாயிற்று. கப்பலைத் தூக்கித் திருத்தும் மிதக்கும் மேடை ஒன்று கொண்டுவரப்பட்டது. 1944 ஓகஸ்டில் வலியன்ற் என்ற பெரும் போர்க்கப்பலைத் தூக்கியபோது அம்மேடையே உடைந்து மூழ்கியது. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் தென்னிலங்கையிலிருந்தும் மலையாளத்திலிருந்தும் தொழில் தேடி மக்கள் வந்து குவிந்தனர். 1941 இல் எடுக்கவேண்டிய குடிசன மதிப்பு யுத்தத்தினால் பிற்போடப்பட்டு 1946 இல் எடுக்கப்பட்டது. அப்போது மாவட்டத்தின் தொகை 75,926. இருபத்தைந்து ஆண்டில் இரு மடங்குக்கும் மேல்!

ஆயினும் அந்த வளர்ச்சியின் தன்மையை நோக்குவோமாக. துறைமுகத்தில் ஒரு வர்த்தகக் கம்பனி தோன்றவில்லை. மீனைப் பதப்படுத்தும் தொழில் ஒன்று தோன்றவில்லை. தம்பலகாமத்து நெல்லுக்கும் மூதூர்ப் பாலுக்கும் நிலையான சந்தை ஒன்று அமையவில்லை. கடற்படை என்ற ஒரே எசமானின் கையை நோக்கி ஊர் முழுவதும் நின்றது.

சமுதாயத்தில் நின்றவை

யுத்த காலத்து விஞ்ஞானம் தந்த ஒரு நன்மை எமது பகுதியின் தலைவிதியையே மாற்றியது. படைவீரரைக் காக்கப் பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்ட டி.டி.ரி. மருந்து, யுத்தம் முடிந்ததும் நாடெங்கும் வீடுவீடாகத் தெளிக்கப்பட்டது. 1934–35 இல் ஏறத்தாழ எண்பதாயிரம் பேரைக் கொன்ற மலேரியா அடங்கியது. 1946 இல் ஆயிரத்துக்குச் சுமார் 20 ஆக இருந்த மரண விகிதம் மறு ஆண்டிலேயே சுமார் 14 ஆகக் குறைந்தது. இதற்கு மருந்து மாத்திரமன்றி வைத்தியசாலைகளும் உணவு நிலையும் காரணம் என ஆராய்ச்சியாளர் வாதிப்பர். எவ்வாறாயினும் காய்ச்சலுக்கு அஞ்சி மனிதர் ஒதுங்கிய வரண்ட பிரதேசம் குடியிருப்புக்குத் திறந்தது. கந்தளாயிலும் அல்லையிலும் அரசாங்கக் குடியேற்றத் திட்டங்கள் எழுந்தன. மாவட்டத்தின் தொகை 1963 இல் 138,553 ஆயிற்று. அதன் இனப் பரம்பலும் மாறியது. அந்த மாற்றத்தைச் சுற்றி எழுந்த பிணக்குகள் பிற்காலத்தில் எவ்வளவு இரத்தத்தைக் கண்டன என்பதை இங்குள்ள பெரியோர் அறிவர்.

1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1945 இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இவற்றை யுத்தத்தின் பிள்ளைகள் என்று சொல்வது பொருந்தாது. இவற்றுக்கான கோரிக்கை முன்னரே இருந்தது. ஆனால் யுத்தம் பிரித்தானியாவுக்கு இலங்கையரின் ஒத்துழைப்பு அவசியம் என்ற நிலையை உண்டாக்கியது. அமைச்சர்கள் அந்நிலையைப் பயன்படுத்தினர். 1943 மே மாதம் உள்நாட்டு விடயங்களில் முழுப் பொறுப்பாட்சி தருவதாகப் பிரித்தானியா அறிவித்தது. 1944 டிசம்பரில் சோல்பரி ஆணைக்குழு வந்தது. 1948 பெப்ரவரி 4 இல் சுதந்திரம் வந்தது. யுத்தத்தில் வென்ற பிரித்தானியா சாம்ராச்சியத்தைத் தாங்கும் வலியை அந்த வெற்றியிலேயே செலவிட்டிருந்தது. ஆயினும் 1947 இல் செய்த பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி, சுதந்திரக் கொடி ஏறியபின்னும் திருக்கோணமலைத் தளம் ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது.

கப்பல்கள் போனபின்

பிரதமர் பண்டாரநாயக்கா செய்த ஏற்பாட்டின்படி 1957 ஒக்டோபர் 15 ஆந் திகதி தளம் இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. தேசத்துக்கு அது பெருமைக்குரிய நாள். ஊரிலே மகிழ்ச்சியோடு கவலையும் கலந்திருந்தது. அந்நியரின் டொக்யார்ட்டை நம்பி வாழ்ந்த பிட்டரும் வெல்டரும் எழுதுவினைஞரும் படகோட்டியும் வேலை இழந்தனர். மலையாளத்தவர் பலர் தாயகம் திரும்பினர். மாதமுடிவில் கடைத்தெருவுக்கு வந்த சம்பளப் பணம் நின்றது. யுத்தத்தோடு வந்த பணம் யுத்தக் கப்பல்களோடு போயிற்று. எஞ்சியவை சீனன்குடாத் தாங்கிகளும், நிலாவெளி வீதியில் முந்நூறுக்கு மேற்பட்ட இளைஞர் துயிலும் யுத்த மயானமும், கடலடியில் கிடந்த சகாயிங் கப்பலுமே. அக்கப்பலையும் 2018 இல் எமது கடற்படையினர் மேலே தூக்கினர்.

கூப்பன் காலத்துக் கோதுமை மாவின் தொடர்ச்சியாகச் சீனன்குடாக் கரையில் 1980 முதல் பிறீமா மா ஆலை இயங்கத் தொடங்கியது சரித்திரத்தின் ஒரு விசித்திரம். யுத்தம் பழக்கிய உணவு அதே துறைமுகத்துக்கு ஒரு தொழிலைத் தந்தது.

பின்னர் 1983 முதல் 2009 வரை எமது நாட்டுக்குள்ளேயே ஒரு யுத்தம் நடந்தது. முந்திய யுத்தத்தில் பிற தேசத்துப் பணமாவது வந்தது. இந்த யுத்தத்தில் இருந்ததும் போயிற்று. வயல்கள் காடாயின, மீன்பிடிக்கு நேரமும் எல்லையும் விதிக்கப்பட்டன, படித்தவர் கடல் கடந்தனர். 2006 இல் மாவிலாறு, மூதூர், சம்பூர்ப் பகுதிகளில் நடந்த சண்டையில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் இடம்பெயர்ந்தனர். சம்பூர் மக்கள் சொந்தக் காணிக்குத் திரும்ப ஒன்பது பத்து ஆண்டுகள் சென்றன. 1942 இல் ஓடியவர்கள் சில மாதங்களில் திரும்பினார்கள் என்பதை இதனோடு ஒப்பிடுக. அந்நியர் யுத்தம் எமது பொருளாதாரத்தை உலுக்கியது. எமது யுத்தம் அயலான் மீதிருந்த நம்பிக்கையையும் எரித்தது. பொருளை மீட்கலாம், நம்பிக்கையை மீட்பதற்கு ஒரு தலைமுறையும் போதாது.

நாம் கற்க வேண்டியது

நமது கேள்விக்கு இப்போது விடை கூறலாம். யுத்த காலத்தில் வந்தவற்றுள் படையின் தேவைக்காக வந்தவை படையோடு போயின: சம்பளம், கொந்தராத்து, வியாபாரப் பெருக்கம் யாவும். மக்களின் தேவைக்காக எழுந்தவை நின்றன: பங்கீட்டு முறை, கூட்டுறவுச் சங்கம், நோய்த்தடுப்பு, கல்வி. முதலாவது வகையில் அதிகமாக நம்பிக்கை வைத்த ஊர் எமது ஊர். ஆதலால் அதிகமாக ஏமாந்த ஊரும் எமது ஊரே.

2022 ஆம் ஆண்டின் நெருக்கடியை இளைஞர்களாகிய நாம் கண்ணால் கண்டோம். யுத்தமில்லாமலே யுத்தகாலத் தட்டுப்பாடு வந்தது. மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசை நின்றது. அந்த வேளையிலே சீனன்குடாவில் எஞ்சிய 99 தாங்கிகளிற் பெரும்பாலானவை பயன்படாது கிடந்தன. அந்த ஆண்டு சனவரியில் செய்த உடன்படிக்கையிலே அவற்றில் 61 ஐ இலங்கையும் இந்தியாவும் கூட்டாக விருத்தி செய்வதென்றும், 24 ஐ இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் வைத்திருப்பதென்றும், 14 இந்தியன் ஒயில் கம்பனியிடம் இருப்பதென்றும் தீர்மானமாயிற்று. பெற்றோல் வரிசை குறைந்தது எப்போது? வாகனத்துக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கும் கியூ.ஆர். முறை வந்தபின்னரே. எண்பது ஆண்டுக்கு முன் கூப்பன் புத்தகம் கற்பித்த பாடத்தைக் கைத்தொலைபேசி மறுபடியும் கற்பித்தது: தட்டுப்பாட்டை நீதியான பங்கீடு தாங்கத்தக்கதாக்கும்.

இந்துமாகடலில் வல்லரசுகளின் போட்டி மீண்டும் வளர்கின்றது. எமது துறைமுகத்தின் பெயர் பிற தேசத்துப் பத்திரிகைகளில் மீண்டும் அடிபடுகின்றது. கப்பல் வரும், காசு வரும், ஊர் செழிக்கும் என்று பேசுவோர் நம்மிடையே உண்டு. வரட்டும், வருவது யாருடைய தேவைக்காக, போகும்போது எதை விட்டுச் செல்லும் என்று கேட்டு அறிந்துகொள்ளும் கடமை நமக்குண்டு. மீனவருக்குப் படகுத்துறையும் குளிர்க் களஞ்சியமும், கமக்காரருக்கு நெற் களஞ்சியமும் நியாய விலையும், வாலிபருக்குத் தொழிற்கல்வியும் தரும் திட்டமாயின் அதை இரு கரம் நீட்டி வரவேற்போம். அவை இல்லாத திட்டமாயின் 1957 இன் கதை மறுபடியும் நடக்கும்.

எமது சங்கத்து வாலிபருக்கு ஒரு வேண்டுகோள். 1942 ஏப்பிரில் 9 ஐக் கண்ட முதியோர் இன்று மிகச் சிலரே. அவர்கள் குழந்தைப் பருவத்தில் கண்டவற்றையும், தம் பெற்றோர் சொல்லக் கேட்டவற்றையும் குறித்து வையுங்கள். அப்பெரியோர் தமிழராயினும் முஸ்லிமாயினும் சிங்களவராயினும் பறங்கியராயினும் எல்லோரிடமும் கேளுங்கள். அன்று குண்டு எவரிடமும் சமயம் கேட்டு விழவில்லை, கூப்பனும் எவரிடமும் சாதி கேட்டு வழங்கப்படவில்லை. பழைய கூப்பன் புத்தகம், டொக்யார்ட் அடையாள அட்டை, சங்கக்கடைக் கணக்கேடு ஏதும் வீட்டுப் பெட்டியில் இருந்தால் எறிந்துவிடாது காப்பாற்றுங்கள். பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: பிந்திய யுத்தத்தைப் பற்றிப் பிள்ளைகள் கேட்கும்போது மௌனம் சாதியாதீர்கள். கண்டதை வெறுப்பின்றிச் சொல்லுங்கள். தன் ஊருக்கு நேர்ந்ததை அறிந்த வாலிபன், இனியொரு யுத்தத்தை எவரேனும் வாழ்வு தரும் வழியென்று காட்டும்போது எளிதில் மயங்கமாட்டான்.